கன்னியம்மா கேட்ட முதல் கரண்டி

இன்னைக்குக் காலைல எங்க அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ்...

"தீபாவளி லன்ச் முடிஞ்சதும் மீதி இருக்கறதை பேக் பண்ணி, பக்கத்துக் கட்டட சைட்ல வேலை செய்றவங்க ஷெட்டுக்குக் குடுக்கலாம். வாலன்டியர்ஸ் தேவை!"

உடனே கை தூக்கிட்டேன். (முட்டி வலியாவது ஒண்ணாவது!)

கூடவே ஒரு கண்டிஷனும் போட்டேன். "சாப்பாடு முதல்ல ஷெட்டுக்குப் போகணும். அப்புறம்தான் நம்ம பந்தி."



இந்தக் கிழவிக்கு ஏன் இந்தப் பிடிவாதம்னு கேக்கறவங்களுக்காக இந்தப் பதிவு.

எழுபதுகள்ல நடந்தது. கல்யாணமாகி கடப்பாக்கம் வந்த புதுசு. தீபாவளி சமயத்துல விடாத மழை. கட்டுமரம் ஒண்ணுகூட கடலுக்குப் போகலை. கரையோரக் குப்பத்துல பல வீட்டுல அடுப்பே எரியலை.

எங்க தெருப் பொம்பளைங்க நாங்க நாலு பேரு கூடிப் பேசினோம். பண்டிகை அன்னைக்கு ஆளுக்கு ஒரு வீட்டுக்குச் சாப்பாடு. எனக்கு வந்தது கன்னியம்மா வீடு. எங்க தெருவுக்கு மீன் கொண்டு வர்றவ. புருஷனுக்குக் கால்ல அடி. ரெண்டு சின்னப் பொண்ணுங்க.

முந்தின நாளே போய்ச் சொன்னேன்.

"நாளைக்கு உங்க வீட்டுல சமைக்க வேணாம். நான் கொண்டு வர்றேன்."

"எப்பக்கா கொண்டாருவ?"

"நாங்க படையல் போட்டுச் சாப்பிட்டதும் வந்துடறேன்."

அவ முகம் மாறிடுச்சு.

"அப்போ வாணாம்க்கா."

"ஏன்டி?"

"கோச்சிக்காத. நல்ல நாளும் அதுவுமா மிச்சத்துக்கு என் புள்ளைங்க காத்துகினு கெடக்கக் கூடாது. இன்னிக்கு கஞ்சி கீது, நாளைக்கும் அதையே துன்றோம்."

ஒரு நிமிஷம் எனக்குச் சுர்ருனு வந்துச்சு. அப்புறம் அந்தக் குழந்தைங்களைப் பார்த்தேன். கோவம் இருந்த இடம் தெரியலை.

"சரி. முதல் கரண்டி உன் வீட்டுக்குத்தான். பிள்ளைங்களைப் பசியோட உட்கார வை, வந்துடறேன்"னு வாக்குக் குடுத்துட்டேன்.

குடுத்துட்டு வீட்டுக்கு வந்தா... எங்க மாமியார்!

"படைக்காம ஒரு பருக்கை வாசல் தாண்டக் கூடாது. உங்க மாமா வராம படையலும் கிடையாது."

மாமாவுக்குச் செங்கல்பட்டுல வேலை. தீபாவளி காலைல வந்து சேர வேண்டிய பஸ், மழைத் தண்ணில எங்க நின்னுச்சோ!

சாம்பார், வடை, பாயசம் எல்லாம் ரெடி. உச்சி நேரமும் ஆயிடுச்சு. மாமாவைக் காணோம்.

அங்க ரெண்டு குழந்தைங்க என்னை நம்பி, காலைலேர்ந்து கஞ்சிகூடக் குடிக்காம இருக்கும்.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். பழைய பேப்பர் ஒண்ணை எடுத்து முகத்தை மறைச்சுக்கிட்டாரு! (இன்னைக்கு வரைக்கும் அந்தப் பேப்பர்ல என்ன நியூஸ்னு அவருக்குத் தெரியாது.)

நேரா அடுப்படிக்குப் போனேன். எல்லாத்தையும் தூக்குல அடைச்சேன். இலைக்கட்டை இடுப்புல சொருகினேன்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"படையல் போடத்தான் அத்தை. கன்னியம்மா வீட்டுல."

"என்னது?!"

"சாமி அங்க வரமாட்டாரா? மாமா வந்ததும் இங்க ஒரு தடவை படைப்போம். ரெண்டு தடவை சாப்பிட்டா சாமி கோச்சுக்குமா?"

பதிலுக்கு நிக்காம மழைல இறங்கிட்டேன். திரும்பி வந்தா வீட்டுல சேப்பாங்களாங்கற பயம் இருந்துச்சு. காலு மட்டும் நிக்கலை.

குப்பத்துக்குள்ள நுழையறப்ப பின்னாடி ஒரு குரல்.

"ஏய் நில்லுடி!"

திரும்பிப் பார்த்தா அத்தை! தலைமேல முறம், புடவையெல்லாம் சேறு.

செத்தேன்னு நினைச்சேன்.

கிட்ட வந்து மூச்சு வாங்க முறைச்சாங்க.

"கற்பூரம் இல்லாம என்னடி படையல்?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு!

கன்னியம்மா வீட்டுல ஒழுகாத மூலையாப் பார்த்து இலை போட்டோம். எங்க தீப்பெட்டி நமுத்துப் போச்சு. அவ புருஷன் கடலுக்கு எடுத்துட்டுப் போற தகர டப்பால இருந்து ஒரு தீப்பெட்டி எடுத்தாரு. ஒரே கிழி! கற்பூரம் எரிஞ்சுது.

சின்னவ அம்மாவோட முந்தானையை இழுத்தா.

"எம்மா, இது மிச்சமா?"

"இல்லடி கண்ணு. சாமிக்கு அப்பால மொதல்ல நாமதான்."

சொல்லிட்டு என்னைப் பார்த்தா பாருங்க ஒரு பார்வை. அதுக்கப்புறம் எத்தனையோ பேர் நன்றி சொல்லியிருக்காங்க. எதுவும் அந்தப் பார்வைகிட்ட வராது.

பிள்ளைங்க சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் அத்தை பக்கத்துலயே நின்னு வடை வச்சாங்க. அப்புறம் மெதுவா, "எனக்கும் பசிக்குது கன்னியம்மா, ஒரு இலை போடு"ன்னாங்க.

"இரு பெரீம்மா, மொத ஒண்ணு எங்களுக்கு, அடுத்தது ஒனக்கு!"னு சிரிச்சா அவ.

சரி, இன்னைக்குக் கதைக்கு வர்றேன்.

குரூப் அட்மின் தம்பி இப்பதான் கேட்டாரு. "ஆன்ட்டி, அப்போ நாம எல்லாரும் பசியோட வெயிட் பண்ணணுமா?"

"ஆமா தம்பி. கொஞ்ச நேரந்தான்"னு போட்டிருக்கேன்.

தீபாவளி அன்னைக்கு, கேட்டரிங் வேன் வந்ததும் முதல் பாத்திரத்தோட நான் வாசல் கேட் பக்கத்துல நிப்பேன்.

யாரெல்லாம் கூட வர்றீங்க?

(கற்பூரம் நான் மறக்காம எடுத்துட்டு வந்துடறேன்!)