இலை உட்காரும் நேரம்

இன்று காலை யாரைச் சந்தித்தேன் தெரியுமா? கொல்லிமலை வாசலூர்பட்டியில், பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் பானுமதி அக்காவை!

விடிந்தும் விடியாத நேரம். முதல் பஸ் வந்து நின்றபோது பானுமதியின் கண் தேவனூர் ரோட்டிலேயே இருந்தது. அந்த வழியாகத்தான் கணவன் சதீஷ்குமார் தன் தங்கை பொன்னாயியை பைக்கில் கூட்டி வர வேண்டும். நாமக்கல்லில் நர்ஸ் படிப்பில் சேர இன்றுதான் கடைசி நாள். இந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது மதியம். அதற்குள் சீட் வேறொருத்திக்குப் போய்விடும். ராத்திரி மழையில் வழியில் மரம் விழுந்திருக்கிறது என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். போன் போகவே இல்லை.

வண்டியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிக் கேட்கவும் வாய் வரவில்லை. போன மாதம் யாருக்கோ காத்திருந்து மெமோ வாங்கியவர் டிரைவர் ஈஸ்வரமூர்த்தி. "இனி எங்கப்பனே வந்தாலும் சரி, டீயக் குடிச்சதும் வண்டிய எடுத்துருவேன்" என்று இதே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னவர்.

டீயைக் குடித்ததும். பானுமதிக்கு அந்த வார்த்தை இப்போது பிடிபட்டது.

அவளிடம் மூன்று டீ டப்பாக்கள். தூள், வெந்நீர் பட்டவுடன் சாயம் இறங்கிவிடும். காட்டு வேலைக்காரர்களுக்கும் டிரைவருக்கும் அதுதான். குருணை இரண்டு கொதி கேட்கும், பாலோடு நன்றாகச் சேரும், ஆபீஸ்காரர்களுக்குப் பிடிக்கும். மூன்றாவது இலை. ஏரியில் படகு சவாரிக்கு வருகிறவர்கள் பால் இல்லாமல் கேட்பது. கொதிக்க விட்டால் கசக்கும், அவசரப்பட்டால் வெறும் மஞ்சள் தண்ணீர். மூடி வைத்து, இலை விரிந்து அடியில் உட்காரும்வரை பொறுக்க வேண்டும்.

அவள் கை மூன்றாவது டப்பாவுக்குப் போனது.

"தூள் தீந்துருச்சுங்ணா. இன்னைக்கு இலை டீதான்."

"ஏதோ ஒண்ணு குடு அம்மிணி" என்று டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்தார்.

சுடுதண்ணீரை ஊற்றி மூடினாள். ரோட்டில் பனி மட்டும்தான்.

"ஆச்சா?"

"இலை இன்னும் உக்காரலீங்ணா."

"உக்காரலைன்னா ஒரு சேர் எடுத்துப் போடுங்க்கா!" என்றான் கண்டக்டர் அர்த்தனாரி. பஸ்ஸுக்குள் சிரிப்பு. சிரித்தபடியே அவன் தூள் டப்பாவை எடுத்து ஆட்டினான். சிரிப்பு நின்றது. "ஏனுங்க்கா, தீந்துபோன டப்பா இத்தனை கனமா இருக்குது?"

டிரைவர் எழுந்துவிட்டார்.

"பொன்னாயி வரோணுங்ணா. இன்னைக்குத்தான் காலேஜுல சேரோணும். கேட்டா நிக்க மாட்டீங்கன்னு..."

ஈஸ்வரமூர்த்தி பஸ்ஸைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். பிறகு மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப மூடினார்.

"இன்னும் உக்காரலை. உக்காரட்டும்."

"அண்ணா, மெமோ?" என்றான் அர்த்தனாரி.

"டீ சுட்டுருச்சுன்னு எழுதிக் குடுக்கறேன். நீ வாய மூடு."

டம்ளரில் இறங்கிய டீ தேன் நிறத்தில் இருந்தது. அவர் ஊதி ஊதிக் குடித்தார். பாதி ஆனது. கால்வாசி ஆனது. கடைசி மடக்கை வாயில் வைத்துக்கொண்டே விழுங்காமல் நின்றார்.

அப்போதுதான் பைக் சத்தம். முழங்கால்வரை சேறு, நெஞ்சோடு அணைத்த சர்டிபிகேட் பை. பொன்னாயி!

"ஏறு கண்ணு, ஏறு!" என்றார் ஈஸ்வரமூர்த்தி, டீயை விழுங்கிவிட்டு.

பஸ் வளைவில் மறைந்த பிறகுதான் பானுமதி பெஞ்சில் உட்கார்ந்தாள். மிச்ச இலை டீயைத் தானே ஊற்றிக்கொண்டாள்.

கொல்லிமலை போகிறவர்கள் அந்தக் கடையில் ஒரு இலை டீ கேளுங்கள். தயவுசெய்து அவசரப்படுத்தாதீர்கள். மலைக்குக் கிளம்பும் நண்பர்கள் இருந்தால் இதை அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.