ஆட்டுக்குட்டி அச்சகம், மேச்சேரி

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டில் ஒரு பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. சொத்து வழக்கு இல்லை. எந்தப் படக்கதைப் புத்தகத்தை அண்டர்கிரவுண்டு என்று சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பதுதான் வழக்கு. வாதி நான், பிரதிவாதி என் பெரியப்பா மகன். சேலத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அந்த அண்ணன்தான் அப்படியொரு வார்த்தையை ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான். எமர்ஜென்சி காலம் அது. அரசாங்கத்துக்குத் தெரியாமல் அச்சடித்துக் கைக்குக் கை மாற்றிப் படிப்பதற்கு அந்தப் பெயர் என்று அண்ணன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

என்னிடம் ஒரு தகரப் பெட்டி நிறையப் படக்கதைகள் இருந்தன. அப்பா லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் லைனுக்குப் போய்த் திரும்பும்போது வாங்கி வந்தவை பாதி, நாமக்கல் பழைய பேப்பர் கடையில் நானே பொறுக்கியவை பாதி. படிப்பு கெட்டுப்போகும் என்று அம்மாவுக்கு அவற்றைக் கண்டாலே ஆகாது. அம்மாவுக்கு ஒளித்துப் படிக்கிற எல்லாமே அண்டர்கிரவுண்டுதான், ஆகவே என் பெட்டி முழுக்க அதுதான் என்பது என் கட்சி. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் போட்டிருந்தால் அது சாதாரணப் புத்தகம், போடாமல் விட்டிருந்தால்தான் அண்டர்கிரவுண்டு என்றான். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். பாழாய்ப் போனவை, ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் பெயர் இருந்தது.

அந்தச் சமயத்தில் மாமன் வந்திருந்தார். அம்மாவின் தம்பி, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் படம் வரைகிறவர். எப்போது வந்தாலும் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் கலாய்க்கிற மனுஷன். இந்தமுறை கடலைக்காய் மூட்டை அடுக்கிய உள்ளறையை விட்டு வெளியே தலை காட்டவில்லை. சோறும் அங்கேயே போயிற்று. மோட்டார் சத்தம் கேட்டால் அம்மா கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாமன் இங்கே இருப்பதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. என்ன ஏது என்று தெரியாமலே பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. காரணம் தெரிந்தாலாவது பயந்து தொலைத்துவிட்டுச் சும்மா இருக்கலாம். இது பெரிய இம்சையாக இருந்தது.

மாமனின் பையைத் துழாவினேன். உள்ளே நாலு பக்கப் படக்கதை ஒன்று இருந்தது, கையால் உருளையை உருட்டி நகலெடுக்கிற சைக்ளோஸ்டைலில் போட்டது. ஒரு பட்டி நிறைய ஆடுகள், எல்லா ஆட்டுக்கும் வாயில் கூடை கட்டியிருக்கிறது. மேய்ப்பன் ஊரைக் கூட்டி, மேய்ச்சல் பிரமாதம், ஒரு ஆடுகூடக் குறை சொல்லவில்லை பாருங்கள் என்கிறான். அடியில் ‘ஆட்டுக்குட்டி அச்சகம், மேச்சேரி’ என்று போட்டிருந்தது. எனக்குக் கொடுத்தே தீரவேண்டும் என்று காலைக் கட்டிக்கொண்டேன். என் பிடிவாதத்துக்கு மாமன் என்றைக்குமே தோற்றுத்தான் போவார். பெட்டியில் எல்லாவற்றுக்கும் அடியில் வை, யாருக்கும் காட்டாதே என்று கொடுத்துவிட்டார்.

அண்ணனுக்குக் காட்டாமல் இருக்க முடியுமா? அவன் முகம் வெளுத்துவிட்டது. இதுதான் அசல் அண்டர்கிரவுண்டு என்றான். அச்சகப் பெயர் இருக்கிறதே, உன் சட்டப்படியே இது அண்டர்கிரவுண்டு இல்லை என்று நான் மடக்கினேன். உள்ளறையில் இருந்தபடியே மாமன் சிரித்துக்கொண்டு, “பாப்பா சொல்றதுதாஞ் சரி,” என்று தீர்ப்புச் சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை. நிஜமான அண்டர்கிரவுண்டு வீட்டில் இருந்தால் போலீஸ் வந்து பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடும் என்று என்னைப் பயமுறுத்திவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே சேலம் போனான்.

மறுநாள் மத்தியானம் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். வேட்டியும் வெள்ளைச் சட்டையும்தான், ஆனால் காலில் போலீஸ்காரர்களின் பழுப்புப் பூட்ஸ். பெட்டி என் மடியில் திறந்து கிடந்தது. மாமன் எங்கே என்று கேட்டார். அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு, “அவன் பெங்களூர் போயி ஆறு மாசமாச்சுங்க,” என்றாள். கடலைக்காய் மூட்டைகளுக்குப் பின்னால் மாமன் உட்கார்ந்திருந்தார்.

வந்தவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து என் பெட்டியைப் பார்த்தார். “என்ன சாமி, அண்டர்கிரவுண்டு ஏதாச்சும் வெச்சிருக்கறயா?” என்று கேட்டார். அவ்வளவுதான், என் பெட்டி போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். அழுகையை முழுங்கிக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாக எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்து, பேர் இருக்குதுங்க, பாருங்க, இதுலயும் இருக்குதுங்க என்று காட்டினேன். ஒன்று குறைந்தாலும் சந்தேகப்படுவாரோ என்று அடியில் இருந்ததையும் எடுத்து நீட்டினேன்.

அதை மட்டும் அவர் கையில் வாங்கினார். நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். ஆடுகளைப் பார்த்தபோது அவருடைய மீசை லேசாக அசைந்தது. பிறகு உள்ளறைக் கதவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். அம்மா நின்ற இடத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

“மேச்சேரியில இப்படியொரு அச்சகம் இருக்குதா, சாமி?”

“இருக்குதுங்க. அங்கதானுங்க ஆடு நெறைய,” என்றேன்.

“அப்பச் சரி. பேரு இருக்குது. இது அண்டர்கிரவுண்டு இல்ல.”

மடித்து என் பெட்டிக்குள் அவரே வைத்தார். எழுந்து பூட்ஸைத் தட்டிக்கொண்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்: “அம்மிணி, பழைய காயிதமெல்லாம் ஊட்டுல வெச்சுக்காதீங்க, கரையான் வந்துரும். இப்பவே அடுப்புல போட்டுருங்க. சாயங்காலம் வேற ஆளுக வருவாங்க. பெங்களூர்ல இருக்கற தம்பி பெங்களூர்லயே இருக்கட்டும்.”

மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்புவதற்குள் அம்மா என் பெட்டியைப் பிடுங்கி அடுப்படிக்கு ஓடினாள். எதையும் பிரித்துப் பார்க்கவில்லை, மொத்தத்தையும் போட்டாள். கதறினேன், காலில் விழுந்தேன். அண்டர்கிரவுண்டு இல்லையென்று அவரே ஒத்துக்கொண்டாரே, அப்புறம் எதற்கு எரிக்கச் சொன்னார்? வஞ்சகன். புறக்கடை வழியாக மாமன் கொல்லைக்காட்டில் இறங்கி ஓடியதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. எனக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. வாசலுக்கு ஓடினேன். புழுதி இன்னும் அடங்கவில்லை. வயிறெரிந்த பெண்கள் செய்வதைப் பார்த்திருக்கிறேனே, அதேபோல இரண்டு கை நிறைய மண்ணை வாரி, நீ நாசமாகப் போக என்று அவர் போன திக்கைப் பார்த்துத் தூற்றினேன்.

அம்மா எப்படித்தான் அத்தனை வேகமாக வந்தாளோ, என் முதுகில் ஒன்று வைத்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை. கையில் மிச்சமிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, என் வாயைப் பொத்தி, என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, அந்தப் புழுதியைப் பார்த்துத் தலைக்குமேல் கை தூக்கிக் கும்பிட்டாள். துவைத்துக் கட்டிய பாவாடையை அழுக்காக்கியதற்குத்தான் அடி விழுந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.