பட்டில் சுற்றிய செங்கல்

எங்கள் தெருவில் பழைய வீடு ஒன்றை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் இப்போது இது சகஜம். காலையில் கொத்தனார் வருவதற்கு முன்பே ஒரு பெண் வந்து செங்கல் குவியல்மேல் தண்ணீர் அடிப்பாள். காய்ந்த செங்கல் நீரைக் குடிக்கும்போது ஒரு வாசனை எழுமே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். மழை வாசனை மாதிரி பலருக்கு அது பிடிக்கும். நான் எழுந்து ஜன்னலைச் சாத்திவிடுவேன். தூசிக்காகச் சாத்துகிறேன் என்று மருமகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அது ஐந்தாம் பாரத்தின், இந்தக் காலத்துக் கணக்கில் பத்தாம் வகுப்பின், வாசனை. ஐம்பதுகளின் கடைசியில் தென்னூர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியையாகச் சேர்ந்தேன். இருபத்து மூன்று வயது. பெரியவளாகத் தெரிய வேண்டும் என்று கண்ணில் கோளாறே இல்லாமல் கண்ணாடி போட்டுக்கொள்ளலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். பள்ளிக்குப் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நாள் முழுவதும் செங்கல்லை நனைப்பார்கள்.

ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது அன்றைய பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே போவேன். ஏதோ ஸ்தோத்திரம் சொல்கிறேன் என்று எண்ணி, முடிக்கட்டும் என்று கண்டக்டர் டிக்கெட்டோடு காத்திருப்பார். நான் சொல்லிக்கொண்டிருந்ததோ எந்த மகன் எந்த அப்பாவைச் சிறையில் தள்ளினான், எந்தத் தம்பி எந்த அண்ணனைக் கொன்றான் என்கிற வரிசை. பதவிச் சண்டை என்றால் எனக்கு அவ்வளவு உற்சாகம். வருஷங்களை மனப்பாடம் செய்யச் சொல்லும் பழைய வாத்தியார்களைப் போல இல்லை நான் என்ற கர்வமும் உண்டு.

எங்கள் ஊரிலேயே ஒரு பதவிச் சண்டை நடந்திருக்கிறது. நாயக்கர்களின் கடைசி ராஜா வாரிசில்லாமல் இறந்துபோனார். ராணி ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து ஆட்சி செய்தாள். ஆற்காட்டு நவாபின் மருமகன் படையோடு வந்தான். ராணிக்குத் தீங்கு செய்ய மாட்டேன் என்று குர்ஆன்மேல் சத்தியம் செய்தான். பட்டுத்துணிக்குள் இருந்தது குர்ஆன் அல்ல, செங்கல் என்று ஒரு கதை. பிறகு கோட்டையைப் பிடித்தான். ராணி விஷம் குடித்து இறந்தாள். இதைப் பாடமாகச் சொல்வதைவிட நாடகமாகவே போட்டுவிடலாம் என்று தோன்றியது. செங்கல்லுக்குத்தான் பஞ்சமே இல்லையே. பட்டுக்கு என்னுடைய அரக்கு நிற ரவிக்கைத் துணியைக் கொண்டுபோனேன்.

ராணியாகக் கோமதி. நவாபின் மருமகனாக மெகருன்னிசா. பாலக்கரைத் தையல்காரர் ஒருவரின் மகள், அந்த வீட்டில் ஐந்தாம் பாரம் வரை வந்த முதல் பெண். அவள் குரல் கணீரென்று இருக்கும், அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தேன் என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன். எனக்கு நானே பல வருஷங்கள் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். வகுப்பிலேயே அவள் ஒருத்திதான் முஸ்லிம்.

பிரமாதமாக நடித்தாள். செங்கல்மேல் கை வைத்து அவள் சத்தியம் செய்தபோது பின் பெஞ்சில் ஒரு பெண் அழுதேவிட்டாள். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று வீடு திரும்பும்போது பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், உட்காரத் தோன்றவில்லை.

மறுநாள் மெகருன்னிசாவின் இடத்தில் காகிதத்தில் சுற்றிய செங்கல் துண்டு ஒன்று கிடந்தது. ஒரு வாரத்தில் அவள் பெயரே செங்கல் ஆகிவிட்டது. எனக்குத் தெரியும். பிள்ளைகள் விளையாட்டு, பாடம் மனதில் பதிந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒருநாள் கோமதியின் ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமல் போயிற்று. வரிசையாக எல்லோரையும் கேட்டேன். மெகருன்னிசா எழுந்து நின்றாள்.

“நான் எடுக்கலை டீச்சர். சத்தியமா.”

“எது மேல சத்தியம்?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பெரிதாக இல்லை, உதடு கொஞ்சம் விரிந்தது, அவ்வளவுதான். ஆனால் அவள் அப்போது வகுப்பைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாக்ஸ் சாயங்காலமே சயின்ஸ் ரூமில் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமையிலிருந்து மெகருன்னிசா வரவில்லை.

பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பாலக்கரைக்குப் போனேன். சந்துக்குள் ஓட்டு வீடு, முன்னறையில் தையல் மெஷின். அவள் அப்பா எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். யாரையோ அனுப்பி எனக்குச் சோடா வாங்கிவரச் சொன்னார். அந்த மரியாதையில் என்னால் உட்காரவே முடியவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டேன்.

“உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க டீச்சரம்மா” என்றார். “சத்தியம் பண்ணினேன் அத்தா, டீச்சரே சிரிச்சாங்கன்னு சொல்லுச்சு. அதுக்கு மேல நான் எப்படிங்க போகச் சொல்றது?”

கதவோரம் மெகருன்னிசா நின்றிருந்தாள். கையில் சரித்திரப் புத்தகம். வந்துவிடு என்று கூப்பிட்டேன்.

“தத்துப் பிள்ளையோட சொந்த அப்பாவும் நாற்காலிக்கு ஆசைப்பட்டு ராணியை எதிர்த்தார்னு நீங்க கொடுத்த நோட்ஸ்லயே இருக்கு டீச்சர்” என்றாள். “அவரும்தான் சண்டை போட்டார். நாடகத்துல அவர் ஏன் வரலை?”

நாடகம் நீண்டுவிடும் என்று நான்தான் வெட்டியிருந்தேன். இரண்டு பேர் சண்டை என்றால் பிள்ளைகளுக்குப் புரியும், மூன்று பேர் என்றால் குழம்பும். “வா, வகுப்பில் சொல்றேன்” என்றேன்.

வந்தாள். அன்று முழுக் கதையையும் சொன்னேன். சொந்த வீட்டுச் சண்டைதான் கோட்டைக் கதவைத் திறந்தது என்றேன். செங்கல் வெறும் செவிவழிக் கதையாக இருக்கலாம், நாற்காலிக்காகச் சத்தியம் தவறியவர்கள் எல்லா மதத்திலும் உண்டு என்று உதாரணங்கள் அடுக்கினேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மெகருன்னிசா எழுதவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் சிரித்தது தப்பு என்று சொல்ல வேண்டும். இருநூறு வருஷத்துச் சரித்திரத்தைத் திருத்த முடிந்தது. இரண்டு வாரத்துக்கு முந்தைய என் சிரிப்பைப் பற்றி நாற்பது பெண்களுக்கு முன்னால் பேச முடியவில்லை. மணி அடித்துவிட்டது.

அதன்பின் எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கும் வரை ஒருநாள் தவறாமல் வந்தாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதில் சொல்ல மாட்டாள். பரீட்சையில் மட்டும் எழுதுவாள். என் பாடத்தில் அவள்தான் முதல் மார்க். பள்ளியை விட்டுப் போகும் நாளில் என்னிடம் கையெழுத்து வாங்க வந்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று பேனாவை மூடினேன். பின்னால் வரிசை நின்றது. “நல்லா இரும்மா” என்றேன். தலையை அசைத்துவிட்டுப் போனாள்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள் துணிந்து பாலக்கரைக்குப் போனேன். முன்னறையில் வேறு யாரோ அரிசி விற்றுக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் குடும்பம் கடல் கடந்து பினாங்குக்குப் போய்விட்டதாக ஒருவர் சொன்னார், இல்லை கொழும்புக்கு என்றார் இன்னொருவர். அந்தப் பெண் அங்கே டீச்சராக இருக்கிறாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த ஒரு செய்தி காதில் விழாதா என்றுதான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது பாரம் என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. அந்தப் பள்ளிக்குப் பெயர் மாறி, இடம் மாறி, பழைய பதிவேடுகள் கறையான் அரித்துப் போயின என்கிறார்கள். கோமதியும் போன வருஷம் காலமானாள். அந்த வகுப்பில் நான் சிரித்ததைப் பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்து இந்த ஊரில் இனி யாரும் இல்லை.