மத்தியானப் பூக்கூடை

எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேருமா, திருவிதாங்கூர்-கொச்சியிலேயே கிடக்குமா என்று ஊரெல்லாம் கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. தோவாளைக்குப் பக்கத்தில், பஸ் போகும் சாலையை ஒட்டிய தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்புக்கு நான் டீச்சர். சந்தேகம் என் கூடவே பிறந்தது. பால்காரி ஊற்றிய பாலை முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டேன். ஆனால் அந்த நாட்களில் ஊரே என்னைத் தோற்கடித்துவிட்டது. டீக்கடை பெஞ்சில் புதுமுகம் ஒன்று உட்கார்ந்தால் போதும், மஃப்டி போலீஸ் என்று பேச்சு அடங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வகுப்பில் கதை வாசிப்பு. மாமா, அத்தை, சித்தி என்று முறைகளைப் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பார்கள். கோபித்துக்கொண்டு போன சித்தியின் மனதில் என்ன இருக்கும் என்று கேட்டால் முழிப்பார்கள். அதனால் நானே கதைப் புத்தகம் கொண்டுவந்து, ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லி, பாதியில் நிறுத்தி, இவள் ஏன் இப்போது பேசாமல் இருக்கிறாள் என்று கேட்பேன். உடனே வகுப்பு ரெண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடும். தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. பாடத்தில் இல்லாததை வாசிக்க வைத்து, அதில் அரசியல் இருக்கிறது என்று யாராவது எழுதிப்போட்டால் ரெண்டு பேர் வேலையும் போய்விடும் என்பார்.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஆள் என் கண்ணில் பட்டார். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, எங்கள் ஜன்னலுக்கு நேராக ஒரு பூவரசு மரம். அதன் அடியில் பூக்கூடையும் தோளில் துண்டுமாக உட்கார்ந்திருப்பார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். பஸ் வந்தது, போனது. ஆள் அசையவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே இடம்.

அந்தக் கூடைதான் என்னை உறுத்தியது. எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்கள் அந்தக் காலத்தில் தலையில் பூ வைப்பதில்லை. நானும் வைத்ததில்லை. ஆனாலும் தோவாளைப் பக்கத்தில் பிறந்தவளுக்குப் பூவின் நேரம் தெரியாமல் இருக்குமா? பிச்சிப்பூவை விடியும் முன்னே பறித்து, வெயில் ஏறுவதற்குள் விற்று முடித்துவிடுவார்கள். மத்தியானம் பூக்கூடையோடு சாலையில் உட்கார்ந்திருக்க ஒரு பூக்காரனுக்கும் வேலை கிடையாது. சோடா வாங்குவதுபோல் கடைக்குப் போய்த் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். கூடை காலி. வேஷம் போடத் தெரிந்தவனுக்கு ஊர் வழக்கம் தெரியவில்லை, வெளியூர்ப் போலீஸ்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கதையையும் வீட்டில் ரெண்டு தரம் படித்து, தமிழ், எல்லை, அரசன் என்று எது வந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு, காக்கை நரியைத் தேடிப்பிடித்துக் கொண்டுபோனேன்.

போதாததற்கு வகுப்பில் ஒருத்தி கூரை பெயர்ந்து விழுவதுபோல் வாசிப்பாள். மற்ற பாடமெல்லாம் முணுமுணுப்புதான். கதை வாசிப்பு என்றால் மட்டும் ஜன்னலோரம் வந்து நின்று ஒரே கூவல். “எதுக்கு மக்கா இப்பிடி கூவுக? மெதுவா வாசி” என்றால் ஒரு வரி குறைப்பாள், அடுத்த வரியில் மறுபடியும் ஏறிவிடும். அவள் வாசிக்கும்போதுதான் அந்த ஆள் எழுந்து சுவர் பக்கம் வருவார். இவள் சத்தம் போலீஸை உள்ளேயே இழுத்து வந்துவிடும்போல் இருக்கிறதே என்று எனக்குப் பயம்.

தலைமையாசிரியரும் அவரைப் பார்த்துவைத்திருந்தார். அவர் கணக்கு வேறு. போலீஸ் தேடும் போராட்டக்காரன் எவனோ பள்ளிக்கூடத்தை மறைவாக வைத்துக்கொள்கிறான் என்றார். வரும் வெள்ளிக்கிழமை ரெண்டு ஆட்களோடு போய் விசாரிப்பதாகவும், ஒழுங்கான பதில் இல்லையென்றால் ஸ்டேஷனில் ஒப்படைப்பதாகவும் சொன்னார். நல்லது, உண்மை வெளியே வரட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வாசித்த கதை இது. இலங்கைத் தோட்டத்துக்குப் போன ஒருவர் பல வருஷம் கழித்துத் திரும்புகிறார். கிணற்றடியில் நிற்கும் மகளிடம் தண்ணீர் கேட்கிறார். அவள் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போகிறாள். அங்கே நிறுத்தி, ஏன் பேசவில்லை என்று கேட்டேன். அடையாளம் தெரியவில்லை என்றான் ஒருவன். ஒன்றும் வாங்கி வரவில்லை, அந்தக் கோபம் என்றாள் இன்னொருத்தி. வாசித்து முடித்திருந்த அந்தக் கூவல்காரி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“அவளுக்கு அப்பான்னு தெரியும் டீச்சர். பேசினா மாமா அப்பாவ ஏசி விரட்டிருவாரு. அதான் தெரியாத மாதிரி போறா.”

கதையில் மாமா என்று ஒருவர் இல்லவே இல்லை.

இவள் வீட்டு விவகாரம் ஊருக்குத் தெரிந்ததுதான். சொத்தும் அதிகாரமும் தாய்மாமனிடமிருந்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள் வழி சட்டத்தில் போய்விட்டாலும் அதன் அதிகாரம் போகாத குடும்பம். அங்கே மூத்த தாய்மாமன் வைத்ததுதான் சட்டம். வீட்டு மாப்பிள்ளை நொடித்துப்போய்ப் பூக்கூடை தூக்கியது கௌரவக் குறைச்சல் என்று, தங்கையையும் பிள்ளையையும் கூட்டிவந்துவிட்டார். அப்பன் அந்த வாசலை மிதிக்கக் கூடாது. அந்த அப்பனை நான் நேரில் கண்டதில்லை. நான் ஜன்னல் வழியே பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் வியாபாரத்தை முடித்துவிட்டு, காலிக் கூடையோடு பகல் முழுக்கக் காத்துக் கிடந்திருக்கிறார் மனுஷன்.

அதற்குள் தலைமையாசிரியர் ஆட்களோடு அவரை நெருங்கிவிட்டார். “ஓய், நீரு ஆரு? இங்க என்ன வேலை?” என்ற குரல் கேட்டது. நான் ஓடினேன். உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் மாமன் காதுக்குப் போகும், பிள்ளையின் படிப்பு அன்றோடு சரி. சொல்லாவிட்டால் ஸ்டேஷன். அந்த நாளில் அங்கே போனவன் எப்படித் திரும்புவான் என்று யாரும் சொல்ல முடியாது. ஜன்னலில் அவள் புத்தகத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சார், இவரு எனக்குப் பூ கொண்டுவார ஆளு” என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. தலைமையாசிரியர் பூவையே அறியாத என் தலையைப் பார்த்தார். காலிக் கூடையைப் பார்த்தார். என் கண் போன ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே நின்ற பிள்ளையையும் பார்த்தார். பிள்ளையின் மாமனுக்குத் தலைமையாசிரியர் வேண்டியவர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கூட வந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டு, அந்த மனிதரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“இனி டீச்சருக்குப் பூ கொண்டு வரும்போ, கூடையில நாலு பூவாவது கிடக்கட்டும் வேய்.”

அவர் போனதும் அந்த அப்பா என்னிடம் கேட்டது ஒன்றுதான். “பிள்ளை நல்லா வாசிக்கா, இல்லியா டீச்சர்?”

அடுத்த வெள்ளிக்கிழமை கூடையில் தாமரை இலையில் பொதிந்து பிச்சிப்பூ இருந்தது. என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டுபோய் வகுப்பில் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு வைத்தேன். வீட்டில் கேட்டால் டீச்சர் தந்த பூ என்று சொல்லச் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்று அவள் தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வாசித்தாள். கொஞ்சம்கூடக் கூவவில்லை. அது காதில் விழ, அவர் ஜன்னலுக்கு அடியிலேயே வந்து நிற்க வேண்டியதாயிற்று.

இன்றைக்கும் பாலை முகர்ந்து பார்க்காமல் நான் காய்ச்சுவதில்லை. ஆனால் எந்தக் குழந்தையாவது தேவைக்கு மேல் சத்தமாக வாசித்தால், அதை அதட்டுவதற்கு முன்னால், வெளியே யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுகிறேன்.