மேவிஸ் வீட்டு மாடி ஜன்னல்

இங்கிலாந்தின் யார்க் நகரத்துப் பெரிய தேவாலயத்துக்குப் பின்னால், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட வேண்டிய ஒரு சந்து இருக்கிறது. அதில் வீடு வாங்கியது மேவிஸின் புருஷன் நார்மனின் ஆசை. அவளுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. அவர் ஹல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவள் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்தவள். ஓய்வு பெற்றதும் கடலைப் பார்த்தபடி காலை நீட்டி உட்காரலாம் என்று இருந்தாள். மனுஷன் விட்டால்தானே? சரித்திரம் நடந்த ஊரில், நானூறு ஐந்நூறு வருஷத்து வீட்டில்தான் குடியிருப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

வந்து பார்த்தால் வீடா அது? தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த அலமாரி மாடிப்படி வளைவில் சிக்கிக்கொண்டு மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. கடைசியில் ரம்பம் வைத்து அறுத்து இறக்கினார்கள். காற்றடித்தால் மாடி ஜன்னல் குளிரில் அடித்துக்கொள்ளும் பல்லைப் போலக் கடகடத்தது. தெருவில் ஒருவர் தும்மினால் கட்டில் வரைக்கும் கேட்கும். மாற்றலாமா என்றால் கூடாது. பழைய வீட்டில் குடியிருப்பவர் குளிரில் விறைத்துப் போகலாம், பழைய கண்ணாடியை மாற்ற மட்டும் முடியாது, சட்டம் அப்படி. எந்த மகராசன் போட்ட சட்டமோ, அவன் வீட்டு ஜன்னல் நன்றாகத்தான் மூடும்.

முதல் குளிர்காலத்திலேயே நார்மனுக்கு வாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கம் கோணிப்போனது, பேச்சு குழறியது. கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தவர் அதற்கப்புறம் மாடியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

"மனுஷங்க முகத்தை அவர் பார்த்துக்கிட்டே இருக்கணும். சுவரைப் பார்த்துப் படுத்துட்டார்னா இருக்கிற பேச்சும் போயிடும்," என்றாள் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண்.

மேவிஸ் நாற்காலியைத் தெருப்பக்கத்து ஜன்னலுக்கு இழுத்துப் போட்டாள். நார்மன் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தார். தபால்காரர், நாய், தேவாலயத்துப் பாட்டுக்குப் போகும் பிள்ளைகள். ஒரு நாள் குடையைக் காற்றுக்குப் பறிகொடுத்தவரைப் பார்த்து, "போ...ச்சு" என்றார். அவள் அடுப்படிக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் ஜூலியன் வந்து சேர்ந்தான். உயரத் தொப்பி, கறுப்பு அங்கி, கையில் லாந்தர். பிழைப்புக் கிடைக்காத நாடகக்காரன். வெளியூர்க்காரர்களைச் சாயங்காலம் கூட்டிக்கொண்டு சந்து சந்தாகக் காசுக்குப் பேய்க்கதை சொல்லுவான். அந்த ஊரில் பேய்களுக்குப் பஞ்சமில்லை, ஒரு தெருவுக்கு நாலு. மேவிஸ் வீட்டுக்கு எதிரே நின்றுகொண்டு, மாடி ஜன்னலில் தெரியும் முகம் என்று ஒரு கதையை அவிழ்த்துவிட்டான். கூட்டம் நிமிர்ந்து பார்த்தது. நார்மன் குனிந்து பார்த்தார். ஒருத்தி வீலென்று கத்தினாள், மற்றவர்கள் சிரித்தார்கள். மேவிஸ் ஓடிப்போய்த் திரையை இழுத்து மூடினாள்.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆனால் திரையை மூடுவது அவள் வேலை. ஒரு வாரத்தில் நார்மன் பகலிலும் நாற்காலிக்கு வருவதை நிறுத்தினார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாயே திறக்கவில்லை.

இந்தப் பாழாய்ப்போன கூட்டத்தை விரட்டினால்தான் மனுஷன் எழுந்து உட்காருவார் என்று மேவிஸ் முடிவு கட்டினாள். கீழே இறங்கிப்போய் ஜூலியனைப் பிடித்தாள்.

"நல்ல கூட்டம் போல இருக்கே, தம்பி."

"ரொம்ப நன்றிங்க மேடம். எல்லாம் உங்க வீட்டு ராசி."

அவள் சொன்னதற்கு அந்த ஊரில் அர்த்தம், கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு ஒழிந்து போ என்பதுதான். அங்கே வசவைக்கூடச் சர்க்கரையில் முக்கித்தான் கொடுப்பார்கள். வாங்குகிறவன் சர்க்கரையை நக்கிவிட்டுப் போய்விடுவான். மறுபடியும் போனாள்.

"எங்க வீட்டு முன்னாடி கொஞ்சம் அதிக நேரம் நிக்கிற மாதிரி தோணுது."

"கவனிச்சீங்களா மேடம்? கதையை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கேன். ஜனங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

பல்லைக் கடித்துக்கொண்டு, "அப்படியா, சந்தோஷம்," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து கெட்டிலை ணங்கென்று வைத்தாள். வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஆனால் வீட்டு நோவைத் தெருவில் போகிறவனிடம் சொல்வதாவது? பக்கத்து வீட்டுப் பெனலோப்பியிடமே அவள் சொன்னதில்லை.

"உங்க வீட்டுக்காரரைப் பார்க்கவே முடியலியே மேவிஸ், நல்லா இருக்காரா?"

"நல்லா இருக்கார். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்."

குளிர்காலம் முழுக்க, ஜன்னலுக்கு நேர் கீழே வாசலில் நின்றுகொண்டு இதே பதில். பேய்க்கூட்டத்தைப் பற்றி முணுமுணுத்தபோது பெனலோப்பி, "இந்த ஊருக்கு வந்தா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும், கண்ணு. நாங்கள்லாம் பெரிசு பண்றதில்லை," என்று முடித்துவிட்டாள்.

மே மாதத்தில் ஒரு சாயங்காலம். வெளிச்சம் இன்னும் போகவில்லை. மேவிஸ் சூப் ஊட்டிக்கொண்டிருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் கூட்டம் வந்து நின்றது. ஜூலியன் குரலை இறக்கி எதையோ சொல்ல, எல்லாரும் ஒன்றாகக் கத்தினார்கள். நார்மன் திடுக்கிட்டார், சூப் சட்டையெல்லாம் கொட்டியது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

அவ்வளவுதான். மேவிஸ் கையில் கரண்டியோடு படியிறங்கினாள்.

"நிறுத்துங்க," என்றாள். "மேல இருக்கிறது பேய் இல்ல. என் புருஷன். பேரு நார்மன் ஹார்க்கர். வாதம் வந்து வாய் கோணிப்போச்சு. ஹல்லுல மழையிலயும் பனியிலயும் கிரேன் ஓட்டின மனுஷன் அவரு. அந்த மூஞ்சியைப் பார்த்துத்தான் நான் ஆசைப்பட்டுக் கட்டிக்கிட்டேன். கோணினாலும் அது எனக்குப் பிடிச்ச மூஞ்சிதான். உங்களுக்குப் பொழுது போகலைன்னா வேற வீட்டைப் பாருங்க."

வாழ்நாளில் அவள் சர்க்கரை சேர்க்காமல் பேசியது அன்றுதான். சந்தே கப்சிப்பென்று ஆனது.

பிறகு கை தட்டினார்கள்.

ஒருவன் விசிலடித்தான். "என்னமா நடிக்குது பாரு அந்தம்மா," என்றாள் ஒருத்தி. கரண்டியை உயர்த்திப் பிடிக்கச் சொல்லி ஒருவன் போட்டோ எடுத்தான். ஜூலியன் அவள் காதருகே குனிந்து, "பின்னிட்டீங்க மேடம். சனிக்கிழமையும் வர முடியுமா?" என்றான்.

யாரிடம் போய் முட்டிக்கொள்வது? உண்மையைச் சொன்னாலும் வேடிக்கை என்கிற ஊரில் என்னதான் செய்வது? மேவிஸ் கதவை அறைந்து சாத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே மேலே போனாள்.

திரை திறந்திருந்தது. பாதிதான் திறந்திருந்தது, மறுபாதி கம்பியோடு பிய்ந்து தொங்கியது. நார்மன் நாற்காலியில் இருந்தார், சூப் கொட்டிய சட்டையோடு. எப்படி எழுந்தாரோ, எதைப் பிடித்து நடந்தாரோ, மூச்சு வாங்கியது. கீழே கூட்டம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய்த் திரையைப் பிடித்தாள். அவர் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். இறுகத்தான் பிடித்தார்.

"விடு, நார்மன். பார்க்கிறாங்க."

"பாக்க...ட்டும்."

"உனக்கு நோகுமேன்னுதானே நான் மூடி வச்சேன்."

நார்மனின் வாய் ஒவ்வொரு சொல்லுக்கும் போராடியது.

"உனக்கு... வெக்கம்னு... நெனச்சேன்."

மேவிஸ் திரையிலிருந்து கையை எடுத்தாள். இத்தனை மாதமாகக் கூட்டத்தைத் திட்டினாள், ஜன்னலைத் திட்டினாள், சட்டம் போட்டவனைத் திட்டினாள். திரையை மூடிய கை தன் கை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. கொஞ்சம் அசதி, கொஞ்சம் அசதி என்று வாசலில் நின்று அவள் சொன்னதையெல்லாம் இவர் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

கரண்டியை வைத்தாள். துணிப்பெட்டியை இழுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ஈரத்துணியால் அவர் கன்னத்தில் வழிந்த சூப்பை, எல்லாரும் பார்க்க, மெதுவாகத் துடைத்தாள்.

கீழே ஜூலியனின் குரல் கணீரென்று எழுந்தது.

"பார்த்தீங்களா ஜனங்களே, இன்னைக்கு ரெண்டு பேய்."

"கடங்காரன்," என்றாள் மேவிஸ். நார்மனின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.