என் கால் ராசி

என் கால் ராசியான கால் என்று திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் ஊரில் இன்னும் ஒரு பேச்சு உண்டு. புது வீட்டில் பால் காய்ச்சினாலும், புதுத் தறி போட்டாலும், "அம்மிணி, நீ மொதல்ல வந்து காலை வெச்சுட்டுப் போ" என்று நான் இப்போது இருக்கிற சேலத்துக்கே போன் வந்துவிடும். நானும் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போய்த்தான் வருகிறேன். அந்த ராசியை எனக்கு வாங்கிக் கொடுத்தது ஒரு வெள்ளாட்டுக் கிடா என்பதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

கல்யாணமாகிப் போன மூன்றாம் மாதம் அந்த வீட்டுக் கிணறு வற்றியது. அந்த வருஷம் எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கிணற்றில் தண்ணீர் இருந்தது? ஆனால் மற்றவர்கள் கிணறெல்லாம் மழை இல்லாமல் வற்றின, எங்கள் கிணறு மட்டும் நான் வந்ததால் வற்றியது. என் மாமியார் நேராக ஒன்றும் சொல்லமாட்டார். வெறுங்குடத்தை இறக்கி வைத்துவிட்டு எருமையைப் பார்த்து, "ஆரு கால் வெச்ச நேரமோ" என்பார். எருமை என்னைப் பார்க்கும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அப்போது அடுப்படியில் நின்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

போர் போட்டுப் பார்த்துவிடலாம் என்று மாமனார் முடிவு செய்தார். நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து வந்தார்கள். அவர் உள்ளங்கையில் ஒரு தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு, உழுது போட்டிருந்த காட்டில் வெறுங்காலோடு நடந்தார். ஓரிடத்தில் தேங்காய் விருட்டென்று நிமிர்ந்து நின்றது. அங்கே ஒரு முளைக்குச்சி அடித்து மஞ்சள் பூசி, "ஒரு அடிகூட நவுரக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று மதியம் மாமியார் என் புருஷனிடம் பேசுவது எனக்குக் கேட்டது. "இதுலயும் தண்ணி வரலைன்னா, அவ கொஞ்ச நாளைக்கு அவுங்கம்மா ஊட்டுல இருந்துட்டு வரட்டும்." கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று என் புருஷன் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் போர் போடுகிற ரிக் வண்டி வருவதாக இருந்தது. பொழுது சாய்கிற நேரம், எங்கள் வீட்டுக் கிடாவை ஓட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். நாலு சுள்ளி பொறுக்குகிற நேரம்தானே என்று அந்தக் குச்சியிலேயே கயிற்றைக் கட்டினேன். குச்சியைத் தொடக்கூடாது என்று தெரியும். கட்டுவதற்கு அருகில் வேறு எதுவும் இல்லை, தூரப் போகச் சோம்பேறித்தனம். திரும்பிப் பார்த்தால், கிடா குச்சியைப் பிடுங்கி இழுத்துக்கொண்டு சோளத்தட்டுப் போரைப் பார்த்து ஓடுகிறது.

உழுத காட்டில் எல்லாக் கட்டியும் ஒரே மாதிரிதான் இருக்கும். குச்சி இருந்த குழி எது என்று தேடித் தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. தோராயமாக ஓரிடத்தில் நட்டு, கல்லால் அடித்து, வீட்டிலிருந்து மஞ்சள் கொண்டுவந்து பூசினேன். இருபது அடி தள்ளிப் போயிருக்கும், முப்பதாகவும் இருக்கலாம்.

மறுநாள் ரிக் வண்டி போட்ட சத்தத்தில் ஊரே எங்கள் காட்டில் கூடிவிட்டது. நான் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றிருந்தேன். முந்நூறு அடி, நானூறு அடி, வெறும் வெள்ளைப் புழுதிதான். எல்லோர் தலையும் நரைத்துப்போனது. மாமியார் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. அதற்குப் பிறகு புழுதி கொஞ்சம் கறுத்தது, சேறாக வந்தது, திடீரென்று தண்ணீர் பீறிட்டுக் கொண்டு மேலே போனது. என் புருஷன் சட்டையோடு போய் அதில் நின்றார். மாமியார் என் கையைப் பிடித்து இழுத்துப்போய் அந்தத் தண்ணீரில் நனைத்து, "என்ற சாமி, ராசிக்காரி" என்று எல்லோர் முன்னாலும் கன்னத்தை வழித்தார். கல்மாவு வாசனையோடு இருந்த அந்தத் தண்ணீரை நாங்கள் கையில் ஏந்திக் குடித்தோம். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அப்புறம் வாய்க்கவே இல்லை.

காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் நீரோட்டம் பார்த்தவருக்கு வேட்டி துண்டு கிடைத்தது. கருப்பணார் சாமிக்குக் கிடா வெட்டினார்கள். வெட்டினது அந்தக் கிடாவையேதான். உண்மை தெரிந்த இன்னொரு ஜீவன் அது ஒன்றுதான், அதுவும் குழம்பாகிவிட்டது. முதலில் குச்சி அடித்த இடத்திலும் தண்ணீர் இருந்திருக்குமோ என்னவோ, அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

பக்கத்துக் காட்டு வீட்டிலும் ஒரு புது மருமகள் இருந்தாள், என்னைவிட இரண்டு வயது சின்னவள். அடுத்த மாதம் அவர்களும் போர் போட்டார்கள். தேங்காய் உடைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். பெருமையாகப் போனேன். எழுநூறு அடி போயும் புழுதி மட்டும்தான் வந்தது. அவள் மாமியார் எல்லோர் காதிலும் விழும்படி, "ராசிக்காரி வந்து நின்னே வரலையே. எல்லாம் எங்கூட்டு மூதேவியால" என்றார். அவள் எனக்கு இரண்டு முழத்தில் நின்றிருந்தாள். என்னைத்தான் பார்த்தாள். ராசியுமில்லை ஒன்றுமில்லை, எங்களுடையது ஆடு பண்ணின வேலை என்று ஒரு வார்த்தை அப்போதே சொல்லியிருக்கலாம். பழையபடி எருமை என்னைப் பார்க்குமே என்று பயந்தேன். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வருஷமே அவளும் அவள் புருஷனும் குமாரபாளையத்துக்குத் தறி ஓட்டப் போய்விட்டார்கள்.

போன மாதம் குமாரபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். "அக்கா, நல்லா இருக்கறீங்களா?" என்று அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு ராசிங்க. எனக்கு எழுதுனது அவ்வளவுதான்" என்று சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத் தாங்கவில்லை. குச்சி, கிடா, மஞ்சள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

கிடாவை வெட்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கத்தை சாகறவரைக்கும் அந்த ஊட்டுக்குள்ள என்னைய சேத்தலீங்க அக்கா. எழவுக்கே வாசலோட நின்னுட்டுத்தான் வந்தேன்" என்றாள். பிறகு, "நானும்தானுங்க, எல்லாம் என்ற காலாலதான்னு இத்தனை நாள் நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள்.