சட்டைப்பையில் ஒரு துண்டுச்சீட்டு

மகளின் கணக்கு நோட்டைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்குப் பயம் வந்துவிடும். மற்ற அம்மாக்கள் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். இவள் தப்பைத் தேடுவாள். அன்று சாயங்காலம் தையல் மெஷினை நிறுத்திவிட்டு நோட்டைப் பிரித்தாள். நாலாவது கணக்கில் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று இருந்தது. நோட்டை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்தாள்.

ஒன்பது வயதுப் பிள்ளை வாய்ப்பாட்டில் சறுக்கினால் எந்தத் தாயாவது இப்படி நடுங்குவாளா என்று கேட்கலாம். அந்தப் பிள்ளையின் அப்பா எப்படிப் போனார் என்று தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

அவர் கணக்கு வாத்தியார். ஆள் குட்டை. ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்றால்தான் கரும்பலகையின் மேல்பாதி எட்டும். மதியத்துக்கு மேல் பிள்ளைகள் தூங்கி விழாமல் இருக்க ஒரு வழி வைத்திருந்தார். தினமும் பலகையில் வேண்டுமென்றே ஒரே ஒரு தப்பு விடுவார். எந்த வரியில் என்பதை முன்கூட்டியே துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். யாராவது கண்டுபிடித்துக் கத்தினால் சீட்டை உருவிக் காட்டுவார். "பாத்தீங்களா, தெரிஞ்சேதான் விட்டேன்!" வகுப்பே கைதட்டும். பள்ளிக்கூடத்தில் அவர் பேரே சீட்டு சார்தான். மாற்றலாகி வந்த தலைமையாசிரியை, மனுஷன் சீட்டாடுகிறவர் போலிருக்கிறது என்று ஒரு மாதம் முகங்கொடுத்துப் பேசவில்லை.

துவைக்கும் முன் பையில் கைவிட்டுச் சீட்டை எடுப்பது இவள் வேலை. மறந்தால் சட்டை முழுக்கக் காகிதத் துணுக்குதான்.

"பாடம் நடத்துறீங்களா, என் உசிரை வாங்குறீங்களா?"

"ரெண்டும்தான்" என்பார்.

ஒருநாள் சீட்டில் 'இரண்டாம் வரி' என்பதற்குக் கீழே 'ஆறாம் வரி' என்று வேறு மையில் எழுதியிருந்தது. அடுத்த வாரம் நாலு வரிகள். என்னங்க இது என்று கேட்டாள்.

"பசங்க கெட்டிக்காரங்க ஆயிட்டாங்க. ஒண்ணு பத்தலை."

நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஆனால் வீட்டிலும் ஆரம்பித்தது. கடிகாரத்தைப் பார்த்து மணியைத் தப்பாகச் சொன்னார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். கேட்டால், "வேணும்னுதான். நீ கவனிக்கிறியான்னு பாத்தேன்" என்று சிரிப்பார். வாய்தான் சிரித்தது. அந்தக் கண்களைப் பார்த்த அன்றுதான் பயம் அவளுக்குள் வந்து உட்கார்ந்தது. தலைவலி என்று அடிக்கடி சுருண்டு படுத்தார். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, கல்யாணமாகி முதல்முறையாக அவள்மேல் எரிந்து விழுந்தார்.

பிறகு ஒருநாள் சீட்டில் பதினோரு வரிகள் இருந்தன. எழுத்து கோணிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. சோப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பு ஜன்னலோரம் நின்றாள். பெட்டிமேல் நின்று அவர் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று எழுதினார். "சார், தப்பு!" என்று நாற்பது தொண்டைகள் கத்தின. அவர் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிப் பலகைப் பக்கம் திரும்பி, பையிலிருந்து பேனாவை எடுத்து, அவசர அவசரமாகச் சீட்டில் அந்த வரியை எழுதினார். திரும்பும்போது ஜன்னலில் அவளைப் பார்த்துவிட்டார். சீட்டை நீட்டியபடி, பெட்டியிலிருந்து இறங்கத் தெரியாதவர்போல நின்றார். பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். மாதக்கணக்காக ஒரு மனுஷன் கண்ணெதிரே கரைந்துகொண்டிருக்க, ஒரு பள்ளிக்கூடமே கைதட்டியிருக்கிறது. நினைத்தால் வயிறு எரிகிறது. பிள்ளைகளைச் சொல்லி என்ன பயன்? பழக்கிவிட்டவரே அவர்தான்.

மூளையில் கட்டி. "ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா..." என்று டாக்டர் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"பயமா இருந்துச்சு" என்றார் அவர், ஆஸ்பத்திரிக் கட்டிலில். "கணக்கு மறந்துபோன கணக்கு வாத்தியாரை யாரு வச்சுக்குவாங்க?" அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. அடுத்த பிறந்தநாள் வரவில்லை.

இது பிள்ளைக்கெல்லாம் வராது என்று டாக்டர் அடித்துச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. காது கேட்டது, மனசு கேட்கவில்லை.

"பாப்பா, இங்க வா. இது என்ன?"

மகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "தெரிஞ்சேதான் விட்டேன்."

அதே வார்த்தை. அம்மா கையை நீட்டினாள்.

"சீட்டு எங்க?"

மகள் கவுனின் பையில் கையை விட்டாள். கவுனுக்குப் பை வேண்டும் என்று போன வாரம் ஒற்றைக்காலில் நின்று தைத்து வாங்கியது இதற்குத்தானா! அம்மா சீட்டை வாங்கிப் பிரித்தாள். 'மூணாவது கணக்கு' என்று இருந்தது. மூன்றாவதைப் பார்த்தாள். அதுவும் தப்புதான்.

"இதுல மூணாவதுதானே போட்டிருக்க. அப்ப நாலாவது?"

மகள் நோட்டைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. இப்போது பேனாவைத் தேடுவாளோ என்று அம்மா அவள் கையையே பார்த்தாள்.

"அது... தெரியாம விட்டுட்டேம்மா. ஏழெட்டு எனக்கு எப்பவுமே குழம்பும்."

இந்த ஒரு வார்த்தையை அவர் சொல்ல மாட்டாரா என்றுதான் அவள் அத்தனை மாதம் காத்திருந்தாள். மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"தெரியாம விட்டா உடனே எங்கிட்ட சொல்லிடணும். என்ன ஆனாலும்."

"திட்ட மாட்டியே?"

"மாட்டேன்டி. ஏழெட்டு எவ்வளவு?"

விரல் விட்டு எண்ணி, "ஐம்பத்தாறு" என்றாள் மகள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"ஐம்பத்தாறு. அழாதம்மா, சரியாத்தானே சொன்னேன்?"

சரியாகத்தான் சொன்னாள். ஆனாலும் அம்மா இன்னொரு தடவை கேட்டாள்.